ஐரோப்பா போய் வந்த படங்கள்: எங்கள் ஸ்டூடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் நானும் என் கணவரும் 22 ஆண்டுகளாக ஸ்டூடியோ நடத்துகிறோம். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஜூன் முடிந்தால் ஒரு புதுக்கூட்டம் வருகிறது. ஐரோப்பா டூர் போய்த் திரும்பியவர்கள். கையில் பென் டிரைவ், முகத்தில் இன்னும் வடியாத சந்தோஷம், கூடவே ஏகப்பட்ட சந்தேகங்கள். நாங்களும் 2013-இல் குழுவோடு ஒரு முறை, 2018-இல் ரயிலில் தனியாக ஒரு முறை போய் வந்தோம். அதனால் நின்று பேசுவார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன்.

எல்லாம் ஃபோன்லயே இருக்கே அக்கா, தனியா பிரிண்ட் எதுக்கு?

ஃபோனில் இருக்கிறது, சரி. போன வருஷத்துப் படத்தைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? ஃபோன் மாறும், தொலையும், நிரம்பும். கூகுள் போட்டோஸும் 2021 ஜூனிலிருந்து 15 ஜிபி வரைதான் இலவசம். அதுவும் மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து.

ஆனால் நான் பிரிண்ட் போடச் சொல்வது இதற்காக மட்டுமல்ல. பாட்டியின் கையில் ஃபோனைக் கொடுத்தால் விரல் பட்டதும் படம் நகர்ந்துவிடும், அவர் பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே படத்தை 4×6 பிரிண்டாகக் கொடுத்துப் பாருங்கள். மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது யாரு, பக்கத்துல?" என்று கேட்பார். பெரிய ஆல்பம் வேண்டாம் என்றால் முப்பது பிரிண்ட் போதும்.

ரெண்டு ஃபோன்லயும் சேர்த்து 3,000 படம். எதை வைக்கிறது, எதை விடுறது?

முதலில் எதையும் அழிக்காதீர்கள். ஒரு நாளைக்குப் பயணத்தின் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி: இதைப் பற்றி என்னால் ஒரு நிமிஷம் பேச முடியுமா? முடிந்தால் அது இருக்கட்டும். 12 நாள் பயணத்துக்கு இப்படிப் பார்த்தால் 80, 100 படம் தேறும். ஆல்பத்துக்கு அது தாராளம்.

நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆள் இல்லாத கொலோசியம், ஆள் இல்லாத பீசா கோபுரம் என்று சுத்தமான படங்களை வைத்துக்கொண்டு, கலங்கிய படங்களைத் தள்ளிவிடுகிறார்கள். கொலோசியத்தை நம்மைவிட நன்றாக எடுத்தவர்கள் ஆயிரம் பேர். ஹோட்டல் அறையில் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் புளிக்காய்ச்சல் பாட்டில் நிற்கும் படத்தை உங்களைத் தவிர யாரும் எடுத்திருக்க முடியாது. ஒருவர் வெனிஸ் படங்கள் 41 கொண்டுவந்தார். அவர் தள்ளிவைத்ததில் ஒன்று: படகிலிருந்து இறங்கும்போது மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், படம் ஆடியிருக்கிறது. அதை நான் திரும்ப உள்ளே வைத்தேன். வெனிஸ் பக்கத்தில் இப்போது அதுதான் பெரிய படம்.

எது எந்த ஊரு, எந்த நாள்னே தெரியலையே? எல்லாம் கலந்துடுச்சு.

இது பெரும்பாலும் நேர வித்தியாசத்தால் வரும் குழப்பம். ஃபோன் அந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். தனிக் கேமரா மாறாது, இந்திய நேரத்திலேயே ஓடும். பாரிஸ், ரோம், ஆம்ஸ்டர்டாம், ஸூரிக் எல்லாம் கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி பின்னால். லண்டன் அதைவிட ஒரு மணி இன்னும் பின்னால். கடிகாரத்தை அவர்கள் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஜூன் மாதம் பாரிஸில் பொழுது சாய்வதே இரவு பத்து மணிக்கு. பத்தரைக்கு ஈபிள் கோபுர விளக்கை எடுத்திருப்பீர்கள். கேமராவுக்கோ அது மறுநாள் அதிகாலை 2 மணி. ஃபோன் படத்தையும் கேமரா படத்தையும் ஒன்றாகப் போட்டதும் வரிசை குலைவது இதனால்தான். கம்ப்யூட்டரில் கேமரா படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நேரத்தை மூன்றரை மணி பின்னுக்குத் தள்ளினால் எல்லாம் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

ஊர் பெயருக்கு, டூர்க்காரர்கள் கொடுத்த நாள்வாரியான தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ரயில் டிக்கெட், ஹோட்டல் பில், அருங்காட்சியக நுழைவுச்சீட்டு எல்லாவற்றிலும் தேதி இருக்கும். இனிமேல் போகிறவர்களுக்கு நான் சொல்வது: ஊருக்குள் நுழைந்ததும் ரயில் நிலையப் பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த பலகை வரும்வரை எல்லாம் அந்த ஊர்தான்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா ஏன் மங்கிப் போகுது?

சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப் பக்கத்தைச் சுமார் 1,600 பிக்ஸலுக்குச் சுருக்கிவிடும். ஃபோனில் பார்க்க அது போதும். ஆனால் 4×6 பிரிண்டே 1,800×1,200 இருந்தால்தான் கூர்மையாக வரும். 12×18 ஆல்பத்தில் போட்டால் முகம் பிசிறடிக்கும். அனுப்பும்போது எச்டி என்பதைத் தொடுங்கள். பிரிண்ட் போடப் போகிறவருக்கு டாகுமெண்டாக அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் எடுத்த நேரமும் இடமும் போய்விடும், வந்து சேர்ந்த தேதிதான் இருக்கும். கூட வந்தவர்களின் படங்களை இப்படி வாங்கிச் சேர்த்தால் முந்தைய கேள்வியில் சொன்ன வரிசைக் குழப்பம் இரட்டிப்பாகும். டாகுமெண்டாக அனுப்பினால் எல்லாம் அப்படியே இருக்கும். அதாவது எடுத்த இடமும் கூடவே போகும். உறவுக்காரர்களுக்குப் பரவாயில்லை, முகம் தெரியாதவர்களுக்கு வேண்டாம்.

அங்க இருக்கும்போதே ஸ்டேட்டஸ் போடலாமா?

வீட்டில் ஆள் இருந்தால் போடுங்கள். பூட்டிவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்து போடுங்கள். அம்மா அப்பாவுக்கு மட்டும் தினமும் ஒன்று அனுப்பினால் போதும்.

போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தா எதுவும் மனசுல நிக்காதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். அமெரிக்காவில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியல் பேராசிரியர் ஓர் அருங்காட்சியகத்தில் இதைச் சோதித்துப் பார்த்து 2014-இல் வெளியிட்டார். பொருள்களை முழுசாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட நினைவு குறைவாக இருந்தது. ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்டே இழுத்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை. கிட்டே போய் எடுக்க வேண்டுமென்றால் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டும், யோசித்தால் பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் கொலோன் கதீட்ரல் என்ற பெரிய தேவாலயத்தின் முன்னால் நின்று முழுக் கோபுரத்தையும் சட்டத்துக்குள் அடைக்கத் தரையில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் 2013-இல் எடுத்ததும் அப்படித்தான். அதன் கல் மழையில் நனைந்து எப்படிக் கறுத்திருந்தது என்பதை மட்டும் ஒரு படம் எடுத்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஈபிள் டவரை ராத்திரியில எடுத்துப் போட்டா கேஸ் போடுவாங்களாமே?

உங்கள் மேல் போட மாட்டார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். கோபுரம் 1889-இல் கட்டியது. கட்டிய குஸ்தாவ் ஈபிள் 1923-இல் இறந்தார். பிரான்சில் படைப்பாளி இறந்து 70 ஆண்டு வரைதான் உரிமை, எனவே கோபுரத்தைப் பகலில் யாரும் எடுக்கலாம், விற்கலாம். இரவு விளக்கு அமைப்பு பிறகு வந்தது. 1985-இல் பொன்னிற விளக்குகள், புத்தாயிரத்தை ஒட்டி மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் மின்னும் 20,000 பல்புகள். அவை தனிப் படைப்பாகக் கருதப்படுவதால், விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ இரவுப் படத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அனுமதி வாங்க வேண்டும். சொந்த ஆல்பத்துக்கும், நண்பர்களோடு பகிர்வதற்கும் தேவையில்லை என்று கோபுர நிர்வாகமே சொல்கிறது.

எங்களைப் போன்ற ஸ்டூடியோக்காரர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் இரவுப் படத்தை எங்கள் விளம்பரப் பலகையில் நான் போட மாட்டேன்.

உள்ளே படம் எடுக்கக் கூடாத இடங்கள் எது எது?

நம் ஆட்கள் அதிகம் போகும் இடங்களில் சொல்கிறேன். வத்திக்கானில் சிஸ்டைன் சேப்பலுக்குள் எடுக்கக் கூடாது, மற்ற கூடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலும் ஆம்ஸ்டர்டாமில் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த வீட்டிலும் கூடாது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் எடுக்கலாம், ஃபிளாஷும் செல்ஃபி குச்சியும் கூடாது.

"ஒளிச்சு எடுத்த படம் இருக்கு, ஆல்பத்தில் சேர்க்கலாமா?" என்று சிலர் மெதுவாகக் கேட்பார்கள். சேர்க்க வேண்டாம் என்பேன். சிஸ்டைன் கூரை ஓவியத்தைத் திருட்டுத்தனமாக எடுத்த படம் எதுவும் நன்றாக வந்து நான் பார்த்ததில்லை. வாசல் கடையில் ஒரு தபால் அட்டை வாங்கி ஒட்டுங்கள். தபால் அட்டை என்ற பொருளே ஐரோப்பா தந்ததுதான், ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869 அக்டோபர் 1-இல் முதலில் வந்தது. அதன் பின்பக்கம் அன்று என்ன பார்த்தீர்கள் என்று எழுதி வைத்தால் படத்துக்குப் படமும் ஆயிற்று.

தெரியாத ஊர்க்காரங்க, குழந்தைங்க படத்துல இருக்காங்க. போடலாமா?

வீட்டு ஆல்பத்தில் இருக்கலாம். பொதுவில் போடுவது வேறு. ஜெர்மனியில் ஒருவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 1907-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1898-இல் ஜெர்மனியின் முன்னாள் பிரதமர் பிஸ்மார்க் இறந்த இரவு, இரண்டு படக்காரர்கள் அறைக்குள் புகுந்து உடலை ரகசியமாகப் படம் எடுத்தார்கள். நாடே கொதித்தது, அந்தக் கொதிப்பு சட்டம் வரை போயிற்று. தெருவை எடுக்கும்போது தற்செயலாக ஓரத்தில் வருகிறவர்களுக்கும், கூட்டத்துக்கும் அதே சட்டம் விலக்கு கொடுக்கிறது. ஒருவர் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்துப் போடுவதுதான் பிரச்சினை. பிரான்சிலும் தன் படம் தன் உரிமை என்பதில் மிகக் கறார்.

குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், போடாதீர்கள். பெரியவர்களிடம் கேமராவைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் போதும், மொழி தேவையில்லை. தலையாட்டினால் எடுங்கள். நம் டூர் பஸ்ஸில் கூட வந்தவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். பனியில் வழுக்கி விழுந்த அம்மாவின் படத்தைக் குழுவில் போட்டு, அவர் கடைசி நாள் வரை யாரோடும் பேசாமல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"இது எந்த இடம், லொகேஷன் அனுப்பு"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. அனுப்பலாமா?

அனுப்புங்கள், கூடவே அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை ஊர் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர். 2023 மே மாதம், எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடத்தில் மரப்பலகையால் மறைப்பு எழுப்பிவிட்டார்கள். ஏரியும் மலையும் தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அத்தனை அழகைத் தாங்களே மறைக்கத் துணிந்தார்கள் என்றால் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்! காலையில் சீக்கிரம் போங்கள், சத்தம் போடாதீர்கள், யார் வீட்டு வாசற்படியிலும் உட்காராதீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் கேட்டவருக்கும் நல்லது, அந்த ஊருக்கும் நல்லது.

ஆஷ்விட்ஸ் போயிருந்தோம். அந்தப் படங்களை ஆல்பத்துல எங்க வைக்கிறது?

தனிப் பக்கத்தில். போலந்தில் நாஜிகள் லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்ற வதைமுகாம் அது. முன்பக்கமும் பின்பக்கமும் சாப்பாடு, ஷாப்பிங் படம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குப் படம் எடுக்க அனுமதி உண்டு. இரண்டே இடங்களில் கூடாது: கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் 4-ஆம் கட்டடத்து அறை, 11-ஆம் கட்டடத்தின் நிலவறை. பெர்லினில் 2,711 கான்கிரீட் கற்கள் கொண்ட யூதர் நினைவிடத்தில் கற்களின் மேல் ஏறி நின்று எடுத்த படங்களும் வருகின்றன. பெரும்பாலும் அது என்ன இடம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களே எடுத்துவிடச் சொல்வார்கள். நீங்கள் யாரும் இல்லாத ஒரு படம் போதும், கீழே இடத்தின் பெயரும் தேதியும் மட்டும்.

வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்டினா பத்து நிமிஷத்துல கொட்டாவி விடுறாங்க.

டிவியில் போட்டு 600 படம் ஓட்டினால் யாருக்கும் அப்படித்தான். நாற்பது படம், அரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் அவர்களே கேட்பார்கள். நாள் வரிசையில் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் பக்கத்துத் தெரு வாத்தியார் ஒருவர் ஐரோப்பாவில் தாங்கள் சாப்பிட்டதை மட்டும் வைத்துக் காட்டினார். பிரஸ்ஸல்ஸில் வாஃபிள், நேப்பிள்ஸில் பீட்சா, ரைன் அருவிக் கரையில் அவர் மனைவி கட்டிக்கொண்டு வந்த சப்பாத்தி ரோல். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை.

அப்புறம், காட்டுகிறவர் ஒருவராகவும் சொல்கிறவர் இன்னொருவராகவும் இருந்தால் நன்றாக இருக்கும். கணவர் ஒன்று சொல்ல, மனைவி "அது அப்படி இல்ல" என்று திருத்தும்போதுதான் பேச்சு களைகட்டும்.

படத்துக்குக் கீழ என்ன எழுதறதுன்னே தெரியலை. ஊர் பேர் போட்டா போதாதா?

போதாது. இந்தக் கேள்வியில்தான் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்பேன்.

"கொலோன் கதீட்ரல், 157 மீட்டர், 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்தது" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். சரியான தகவல்தான், பத்து வருஷம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். உங்களிடம் மட்டும் இருக்கும் தகவல் எது? ஒரு பெண் எழுதியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "மழை தூறியது. அப்பா கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, 'நம்ம தஞ்சாவூர் கோயிலை இத்தனை வருஷம் இழுக்கலையே' என்றார்." படத்தில் அப்பாவின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அந்த வரியைப் படித்த பிறகு அவர் குரலே கேட்டது.

படத்தில் தெரிவதை எழுத வேண்டாம், தெரியாததை எழுதுங்கள். குளிர், வாசனை, யார் என்ன சொன்னார்கள், படம் எடுத்தது யார், அதற்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது. எழுத வராது என்கிறவர்களிடம் ஃபோனில் குரலாகப் பதியச் சொல்வேன், நான் கேட்டு எழுதிக்கொள்வேன். திரும்பி வந்த முதல் மாதத்துக்குள் செய்துவிடுங்கள். ஆறு மாதம் ஆனால் ஊர் பெயரும் கோபுர உயரமும் மட்டும்தான் மிஞ்சும்.

போட்டோ போட்டா பெருமை அடிச்சிக்கிறோம்னு நினைப்பாங்களோ? கண்ணு வேற படும்.

இந்தப் பயம் நியாயமானதுதான். சொந்தத்தில் வீட்டு லோனை அடைக்க முடியாமல் தவிக்கிறவர்கள் இருப்பார்கள், பாஸ்போர்ட்டே எடுக்காதவர்கள் இருப்பார்கள். இருநூறு பேருக்கும் ஒரே நேரத்தில் ஐம்பது படம் போய் விழுந்தால் அது யாருக்கும் வந்த படம் இல்லை. அதனால் நான் வேறு மாதிரி செய்யச் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு படம். அவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்து அனுப்புவது.

என் மாமா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018-இல் சுவிட்சர்லாந்தின் பிரியென்ஸில் நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு போகும் மலை ரயிலில் ஏறினோம். தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக ஓடும் இரும்புப் பட்டையை மட்டும் ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஏரி இல்லை, பனி இல்லை, நாங்களும் இல்லை. அன்று ராத்திரியே கூப்பிட்டார். அது ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை, நம் ஊட்டி ரயிலிலும் அதே முறைதான், அதன் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை, பிற்பாடு புது எஞ்சின்களைப் பொன்மலையிலேயே செய்தார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். நாங்கள் ஏறிய ரயிலைப் பற்றி எங்களுக்கே அவர்தான் சொன்னார். அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு அவர் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

கண் படுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தனக்கென்று யோசித்து அனுப்பியதைப் பார்த்து யாரும் இதுவரை வயிறெரிந்து நான் பார்த்ததில்லை.

அப்பா 1974-ல ஜெர்மனிக்கு டிரெயினிங் போனப்ப எடுத்த ஸ்லைடு ஒரு பெட்டி இருக்கு. என்ன செய்யலாம்?

உடனே கொண்டுவாருங்கள், ஆனால் துணியால் துடைக்காதீர்கள். அட்டைச் சட்டத்தில் பிலிம் பெயர் அச்சாகியிருக்கும். கோடக்குரோம் என்றிருந்தால் அதிர்ஷ்டம். 1935-இல் வந்து 2009-இல் நிறுத்திய பிலிம், இருட்டில் வைத்திருந்தால் நிறம் அபாரமாக நிற்கும். நம் ஊர் ஈரத்தில் எல்லாப் பிலிமுக்கும் எதிரி பூஞ்சைதான். வெள்ளை நூல் மாதிரி ஓடியிருந்தால் பெட்டியைத் தனியாக வையுங்கள். ஸ்லைடு 24×36 மில்லிமீட்டர்தான் என்பதால், கீழிருந்து ஒளி கொடுத்துப் பெரிதாக ஸ்கேன் செய்யும் கருவி வேண்டும். தாள் ஸ்கேனரில் வராது. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ஆனதும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இப்படி ஒரு பெட்டியில் சாம்பல் நிறச் சுவர் ஒன்று நாலைந்து ஸ்லைடுகளில் வந்தது. மகனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அது கிழக்கு, மேற்கு என்று ஊரையே பிரித்திருந்த பெர்லின் சுவர். 1989-இல் திறந்துவிட்டார்கள், இப்போது துண்டு துண்டாகத்தான் மிச்சம். கிழக்குப் பக்கம் எட்டிப் பார்க்க மர மேடை இருந்ததையும், அதில் ஏறி எதிர்ப்பக்கக் காவலரைப் பார்த்துக் கையசைத்ததையும் அந்த அப்பா அன்றைக்குத்தான் முதல் முறையாக வீட்டில் சொன்னார்.

கார்டு கெட்டுப்போய் எல்லாப் படமும் போச்சு. இனி என்ன இருக்கு?

முதலில், அந்தக் கார்டில் புதிதாக எதுவும் பதியாதீர்கள். பாதி நேரம் கொஞ்சமாவது மீட்டுவிடலாம்.

மீளவில்லை என்றாலும் வாருங்கள். எங்களுக்கே 2013-இல் அது நடந்தது, சுவிட்சர்லாந்துப் படங்கள் முழுக்கப் போயின. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு கூட வந்த கோவைக் குடும்பத்திடம் கேட்டோம், அவர்கள் படங்களை அனுப்பினார்கள். லூசெர்னில் மரப்பாலத்தின் முன்னால் அவர்கள் நிற்க, ஓரத்தில் நான் ஸ்கார்ஃபை முடிந்துகொண்டு நிற்கிறேன். எடுக்கிறார்கள் என்றே தெரியாமல் இருந்த முகம். என் ஐரோப்பாப் படங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அந்தப் பாலமும் 1993-இல் தீப்பிடித்து, உள்ளே இருந்த பழைய ஓவியங்களில் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டியது.

மற்ற நாட்களுக்கு டிக்கெட்டுகள், வரைபடம், வாங்கிவந்த அட்டைகள், என் கணவர் எழுதிய செலவுக் கணக்கு நோட்டு ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்தோம். படம் இல்லாத இடங்களில் நான் கொஞ்சம் அதிகமாக எழுதினேன்.

ரோம்ல டிரெவி நீரூற்றுக்கு முன்னாடி இருக்கிற கூட்டத்தை அழிச்சுடுங்களேன்.

அழிக்கலாம், இப்போது நொடியில் வரும். சுவரில் பெரிதாக மாட்ட ஒன்று வேண்டுமென்றால் செய்து தருவேன். ஆல்பத்தில் மட்டும் கூட்டத்தோடு இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்வேன். அந்தக் கூட்டத்தில் இடித்து நுழைந்து, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரூற்றில் காசு போட்டீர்கள் அல்லவா? அதுதான் நடந்தது. எதுவானாலும் மூலப் படத்தை அழிக்காமல் தனியாக வையுங்கள்.

அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. ஈபிள் டவர் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. எங்க படத்துல அவங்களைச் சேர்த்துத் தர முடியுமா?

ஒரு தம்பி கேட்டார். முடியும். கல்யாணப் படத்தில் இறந்துபோன அப்பாவைச் சேர்த்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான், நானே நிறையச் செய்திருக்கிறேன், அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் விஷயம் தெரியும். பயணப் படம் அப்படி இல்லை. நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பாட்டி பாரிஸ் போனதாகவே நினைத்துக்கொள்வார்கள். போக முடியாமல் போனதும், அந்த ஆசையும் அழிந்துவிடும். நான் அதைச் சொன்னேன், முடிவு உங்களுடையது என்றும் சொன்னேன்.

அம்மாவுக்கு ஈபிள் டவர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். சமையலறையில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தாள் பல வருஷமாகத் தொங்கியதாம், அதைப் பார்த்துத்தான். மறுநாள் தேடிக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்கேறிய ஏப்ரல் மாதத் தாள். மேலே கோபுரம், கீழே தேதிக் கட்டங்களில் பென்சிலால் அம்மா எழுதிய பால் கணக்கு. துடைக்காமல், நிறம் திருத்தாமல் அப்படியே ஸ்கேன் செய்து இடப்பக்கம் வைத்தோம். வலப்பக்கம் அவர்கள் குடும்பமாகக் கோபுரத்தின் முன் நிற்கும் படம். கீழே ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பால் கணக்கு மட்டும் தெளிவாத் தெரியுதான்னு பாருங்கக்கா" என்றார். ஒன்றரை, ஒன்றரை, இரண்டு, விருந்தாளி வந்த நாள் மூன்று. எல்லாம் தெரிந்தது. இரண்டு பிரதி போட்டு வாங்கிக்கொண்டு போனார், ஒன்று அவருக்கு, ஒன்று ஊரில் இருக்கும் அப்பாவுக்கு.